மூன்று படங்களில் ராசாத்தி அக்கா

போன வாரம் ஒரு பெண்மணியை, அவருடைய நான்கு மாடுகளோடு சேர்த்து, ஒரே கிளிக்கில் காணாமல் போகச் செய்துவிட்டேன். தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்து முடித்துவிட்டு, 'அடடா, என்ன ஒரு படம்' என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இடம் வட்டவடை. எனக்குக் கேமரா பைத்தியம் உண்டென்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மூணாரிலிருந்து இடுப்பொடிய ஜீப்பில் போய், ராசாத்தி அக்கா வாடகைக்கு விடும் அறையில் தங்கினேன். வீட்டுக்குக் கீழே கேரட்டும் முட்டைகோஸும் படிப்படியாக இறங்குகின்றன. வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை. அதன் பின்னால் செங்குத்தாக மேலே ஏறும் புல்மேடு. அந்த மேட்டுக்குப் பின்னாலிருந்துதான் சூரியன் வருகிறது. படம் எடுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் இல்லை. ஒரே மகன் குமரேசனுக்கு எர்ணாகுளத்தில் வேலை. சில மாதங்களுக்கு முன் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து மகன் ஒரே பிடியாக நிற்கிறார் — மாடுகளை விற்றுவிட்டு என்னோடு ஃப்ளாட்டுக்கு வந்துவிடு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாடு பார்க்க ஆள் வருவதாக ஏற்பாடு. மகனைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மேட்டை நான் வெறுங்கையோடு ஏறியே மூச்சு வாங்கினேன்.

சாயங்காலம் டீ கொண்டுவந்தபோது அக்கா மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்குக் காலைல மலைய எடுப்பீகளா சார்?"

"ஆமாக்கா."

"அந்நேரம் நான் மாட்டப் பத்திக்கிட்டு மேட்டுக்கு ஏறுவேன். அதுவும் சேந்து விழுற மாதிரி எடுங்க. மகனுக்கு அனுப்பணும். நல்லா நடக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான்."

"வீடியோ கால்ல நடந்து காட்டலாமேக்கா?"

"காட்டுனேனே. 'எனக்குக் காட்டணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நடக்க'ங்கான். நீங்க பாட்டுக்கு மலைய எடுங்க. நான் பாட்டுக்கு என் சோலியப் பாக்கேன். அப்பத்தான் நம்புவான்."

நியாயம்தானே? சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

விடியற்காலைப் படத்தில் ஒரு தொல்லை உண்டு. வானத்துக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் நிலம் கறுத்துவிடும். நிலத்துக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் வானம் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒருசேரத் தெரிகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால் ட்ரைபாடில் கேமராவை அசையாமல் நிறுத்தி, இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுப்போம். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றிலும் நல்ல பாகத்தை மட்டும் எடுத்து ஒன்றாகக் கலப்போம். நான் கொஞ்சம் பேராசைக்காரன். மூன்றையும் அடுத்தடுத்து எடுக்காமல், வெளிச்சம் மாற மாற இடைவெளி விட்டு எடுத்தேன்.

அக்கா சொன்னபடியே ஏறினார். கண்ணால் பார்த்தேன். 'படத்தில் விழுந்துவிட்டார்' என்று திருப்தியும் பட்டுக்கொண்டேன்.

மத்தியானம் லேப்டாப்பில் மூன்றையும் கலக்க உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் மேடெங்கும் அழுக்குத் திட்டுகள். படத்துக்குப் படம் இடம் மாறிய எதற்கும் இந்தத் தொழிலில் 'கோஸ்ட்' என்று பெயர்... அதாவது பேய். அதை நீக்க ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன். திட்டுகள் போயின. மேலே தங்க வானம், கீழே பச்சை மேடு, வேலி, பனி. மயங்கிப்போய் அப்படியே அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அவரும் கண்ணாடி போடாமல், "சோக்கா இருக்கு சார்" என்று சொல்லி மகனுக்குத் தட்டிவிட்டார்.

பொழுது சாயும் முன் குமரேசனின் குரல் மெசேஜ் வந்தது. அக்கா என் முன்னாலேயே அதைப் போட்டுக் கேட்டார்.

"இதுல நீ எங்கம்மா இருக்க? ஒரு ஆளு இல்ல, ஒரு மாடு இல்ல. இப்பிடி ஆளில்லாத காட்டுல ஒத்தைல கெடக்கியேன்னுதான் வரச் சொல்லுதேன்."

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் ஏறுனேனே சார். நீங்க பாத்தீகளே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நடக்க முடியும் என்பதற்குச் சாட்சி கேட்டவரை, நடந்தார் என்பதற்காகவே அழித்திருக்கிறேன். கல் அசையவில்லை, அது இருக்கிறது. வேலி அசையவில்லை, அதுவும் இருக்கிறது. வேலை பார்க்கிறவர் அசையாமல் எப்படி இருப்பார்?

பட்டனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? மலையூருக்குப் போகிற நாம் எல்லோரும் இதைத்தானே செய்கிறோம்? கேரட் மூட்டையோடு வருகிறவரிடம், 'கொஞ்சம் தள்ளிக்கங்க, வியூ மறைக்குது' என்று சொல்லாத டூரிஸ்ட் உண்டா? நானே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு மேல்.

அறைக்கு ஓடிப்போய், கலக்காத மூன்று படங்களையும் திறந்தேன். இருட்டான முதல் படத்தில், கொட்டகை பல்பின் கீழே அக்கா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில், மங்கலான வெளிச்சத்தில் பாதி மேடு ஏறியிருக்கிறார். மூன்றாவதில் வானமே இல்லை, வெறும் வெள்ளை. அதற்கு முன்னால், மேட்டின் உச்சியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்கா. சுற்றிலும் நான்கு மாடுகள். அக்காவிடம் நம்பர் வாங்கி, எதையும் தொடாமல், மூன்றையும் வரிசையாக, எடுத்த நேரத்தோடு குமரேசனுக்கு அனுப்பினேன். தப்பு என்னுடையது என்றும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"சார், மொதப் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் பதினெட்டு நிமிசமா? சரியாத்தான் போட்டிருக்கீங்களா?"

"கேமரா கணக்கு தம்பி. நான் போடல."



"ஆபரேசனுக்கு முந்தி அவங்களுக்கு அரை மணிக்கூர் ஆகும் சார். நடுவுல ரெண்டு தடவ உக்காருவாங்க. மாடு பாக்க வாரவர இப்ப வர வேண்டாம்னு சொல்லிடுதேன். ஞாயித்துக்கிழம நான் வாரேன். அம்மா கூட ஒருக்க ஏறிப் பாத்துட்டுப் பேசிக்கிடுதோம்."

அக்காவிடம் சொன்னேன். கொட்டகைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என் போனை வாங்கி மூன்று படங்களையும் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார்.

"நானும் மாடும் நல்லா விழுந்திருக்கோம் சார்," என்றார். "வானந்தான் ஒண்ணுலயும் சரியில்ல. நீங்க இன்னும் கொஞ்சம் பழகணும்."