ஒடிந்த கோடு

மயிலாடுதுறையில் பிளஸ் டூ கணித நோட்ஸ் போடும் துரைராசுவின் அச்சகத்துக்கு வடிவியல் படங்கள் வரைந்து கொடுத்தவள் ஃபிளோரா. கணக்கில் பட்டம் வாங்கியவள். கணவன் மிக்கேல்ராஜ் தொண்ணூற்று நாலில் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனதும் இங்கே சேர்ந்தாள். டிரேசிங் தாளில் தளங்கள், அவற்றை வெட்டும் கோடுகள், மறைந்த விளிம்புக்குப் புள்ளிக்கோடு. முனைகளுக்கு A, B, C, தளங்களுக்கு P, Q. கை பிசகாது.

ஐப்பசி மழையில் ஒரு காலை துரைராசு கூப்பிட்டார்.

"இது என்னம்மா, பேர் போடாத கோடு?"

இணையான இரண்டு தளங்கள். மேல்தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு கோடு இறங்கி, பாதியில் ஒடிந்து, சாய்வாகக் கீழ்த்தளத்தில் போய் முடிந்திருந்தது. வரைந்த நினைவே அவளுக்கு இல்லை.

"தெரியாம இழுத்திருப்பேன் சார்."

"நேர்க்கோடு நடுவுல ஒடியுமா? அடுத்ததையும் பாருங்க."

கனசதுரத்திலும் அதே கோடு, அதே இடத்தில் ஒடிவு. பிளேடால் சுரண்டி எடுத்தாள். பிறகு கண்ணை எடுக்காமல் புதிதாக வரைந்தாள். Q என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தபோது கோடு இருந்தது. மை காயவில்லை.

அந்த வாரமே அச்சகத்துக்கு போன் வந்தது. மிக்கேல்ராஜோடு வேலை செய்யும் ஜெக்கரியா பேசினான்.

"காலையில சாரத்துலேருந்து விழுந்துட்டாரு அக்கா. உயிருக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க."

அதன்பின் அந்தக் கோடு வரவில்லை.

ஊர் திரும்பிய மிக்கேல்ராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். எப்படி விழுந்தீங்க என்று கேட்டாள். சுவரில் விரலால் காட்டினான்.

"மேல ஓரத்துல நின்னேன். பாதியில சாரத்துக் குழா ஒண்ணு இடுப்புல பட்டு, இப்புடிச் சாஞ்சு விழுந்தேன். அது மட்டும் குறுக்க இல்லன்னா நேராப் போயிருப்பேன்."

விரல் திரும்பிய இடம், படத்தில் அந்தக் கோடு ஒடிந்த அதே இடம். கோட்டைப் போட்டது தன் கை. அதை ஒடித்தது யாருடைய கை?

பிறகு அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மவுஸ் பிடிக்க முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான். பேனாக்களைக் கழுவித் துரைராசுவிடமே கொடுத்துவிட்டாள்.

புதுவீடு கட்ட மனை வாங்கியபோது மிக்கேல்ராஜ் தாளை நீட்டினான்.

"நீயே பிளான் போட்டுக் குடேன் ஃபிளோரா."

"இன்ஜினியர்கிட்ட குடுத்துருங்க."

"நாலு கோடுதானே?"

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.