கரண்டு வைக்காத மெஷின்

எழுத்து என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். நரம்பைப் பற்றி நான் எழுதுவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று டாக்டர்கள் நினைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் ஈசிஜி மெஷின் பக்கத்தில் நின்றவன் என்பது மட்டுமே என் தகுதி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பாட்டில் கேட்டவர்கள்

எழுபதுகளின் கடைசியில் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்போது குளுக்கோஸ் பாட்டில் தொங்கினால்தான் அது வைத்தியம். காய்ச்சலுக்கும் பாட்டில், கால் சுளுக்குக்கும் பாட்டில். ஈசிஜிக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘கரண்டு வைக்கிற மெஷின்’. வயர் மாட்டும்போது பாதிப் பேர் கண்ணை மூடிப் பல்லைக் கடிப்பார்கள். முடிந்ததும் “இப்பத் தேவலய்யா” என்று எழுந்து போனவர்களும் உண்டு. நான் திருத்தியதில்லை. திருத்தினால் பேச வேண்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் அனுமந்தன்பட்டியிலிருந்து வீரணன் என்பவரை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் முழுக்க நெல் மூட்டை சுமந்துவிட்டு, ராத்திரி ஒரு கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தவர். விடிந்தபோது கை கால் அசையவில்லை. நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன. கூட அவர் மனைவி பேச்சியம்மாளும், பேச்சியம்மாளின் தம்பி மாயனும் வந்திருந்தார்கள்.

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஈசிஜி எடுக்கச் சொன்னார். பேப்பரில், ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் மேடாக வர வேண்டிய ‘டி’ அலை தட்டையாகக் கிடந்தது. அதன் பின்னால், வழக்கமாகக் கண்ணில் படாத ‘யு’ அலை மேடாக நின்றது.

“ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிப்போச்சு. கடுமையா ஒழைச்சுட்டு வயிறு முட்டச் சாப்பிட்டா சில பேருக்கு இப்படி ஆகும். பொட்டாசியம் உப்பைத் தண்ணியில கரைச்சு வாய் வழியா, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. குளுக்கோஸ் கூடவே கூடாது” என்று நர்ஸிடம் சொன்னார்.

“பாட்டில் போடாம என்ன சார் ஆஸ்பத்திரி?” என்றார் மாயன்.

“சர்க்கரை ஏத்தினா ரத்தத்துல மிச்சம் இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள்ள போயிரும். மூச்சு விடுற தசையும் நின்னாலும் நின்னுரும்யா.”

அதற்குள் பிரசவ கேஸுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஓடினார்.

2. வயர் மாட்டியபோது

மறுபடி ஈசிஜி எடுக்க நான் போனபோது மாயன் காரைத் திரும்ப வரவழைத்திருந்தார்.

“உப்புத் தண்ணியக் குடுத்து ஏமாத்துறாக. கெளம்புக்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரெண்டு பாட்டில் ஏத்துவாக. மாமா எந்திரிச்சு ஓடுவாரு.”

“ஏலே, என்னைய மூட்டைன்னு நெனச்சியா? அங்கனயும் இங்கனயும் தூக்கிட்டுத் திரியிற” என்றார் வீரணன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் வேகமாக வயரை மாட்டினேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். “கரண்டு வச்சும் அசையலையேய்யா. இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க.”

“நாங்க கரண்டு வைக்கலம்மா” என்றேன். “இந்தக் கோட்டை எழுதுறது அவரு ஒடம்புல இருக்கிற கரண்டு.”

“அசையாமக் கெடக்குறவுகளுக்கு ஏதுய்யா கரண்டு?”

டாக்டர் எங்களுக்கு ஒருமுறை சொல்லியிருந்தார். நரம்பானாலும் தசையானாலும் செல்லுக்குள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சுற்றியுள்ள சவ்வு வழியாகப் பொட்டாசியம் சுலபமாக வெளியே கசியும். போகும்போது தன் நேர் மின்சாரத்தையும் கொண்டுபோவதால் உள்பக்கம் எதிர் மின்சாரமாக நிற்கும். சோடியமும் கொஞ்சம் உள்ளே கசியும். கசிந்ததைத் திருப்ப ஒரு பம்ப் உண்டு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நரம்பு ஓய்வாக இருக்கும்போதும் பம்புக்கு ஓய்வு இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அந்த வித்தியாசம் சரியாக இருந்தால்தான், உத்தரவு வந்ததும் செல் துள்ளும்.

இதை அப்படியே சொல்ல எனக்கு வரவில்லை.

“ஓட்டைத் தொட்டி மாதிரிம்மா. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் தண்ணி அதே அளவுல நிக்கும். அவரு படுத்திருந்தாலும் உள்ள அந்த வேலை நடக்குது. இப்ப அளவு மாறிப்போச்சு. உப்புத் தண்ணி அதைத்தான் சரி பண்ணும்.”

“வயரு மாட்டுறவுகளும் டாக்டராயிட்டாகளா?” என்றார் மாயன். வார்டே சிரித்தது. நான் பேப்பரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. “பாட்டில் ஏத்துனா மூச்சு நிக்கும்னு டாக்டரய்யா சொன்னது நெசமா?”

“நெசம்மா.”

பேச்சியம்மாள் புருஷன் நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார். “காரை அனுப்பிருடா. இவுக இங்கனயே கெடக்கட்டும்.”

மத்தியானம் எடுத்த பேப்பரில் ‘டி’ அலை லேசாகத் தலை தூக்கியிருந்தது. சாயங்காலம் கால் கட்டைவிரல் அசைந்தது. முதலில் பார்த்தவர் மாயன்தான். வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். எனக்கும் ஒன்று.

அதிலிருந்து, படுத்திருக்கிற ஒருவரைச் சும்மா கிடக்கிறார் என்று நான் சொல்வதில்லை. நீங்களும் வயர் மாட்டுவதற்கு முன்னால், இது கரண்டு வைக்கிற மெஷின் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மறுநாள் காலை வீரணன் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு நடந்து போனார். நான் மெஷினில் புதுப் பேப்பர் ரோல் மாட்டினேன்.