நாரை நின்ற மேடு

எழுபதுகளின் தொடக்கத்தில், தை மாதத்து ஒரு காலையில், பழவேற்காடு ஏரியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது பினாங்கு. அங்கிருந்த ஒரு தொண்டு அமைப்பு எங்களில் ஐந்து பேரைப் பத்து மாதச் சேவைக்கென்று இந்தியாவுக்கு அனுப்பியது. எனக்கு வாய்த்தது, பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் படகும் ஏறிப் போகவேண்டிய ஒரு மீனவர் குப்பம். அங்கே மாதர் சங்கத்துப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடவும், தையல் மிஷின் மிதிக்கவும், பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லித்தர வேண்டும்.

நானும் தமிழச்சிதானே, இது எனக்கு என்ன பெரிய வெளிநாடு என்ற நினைப்பில்தான் வந்தேன். முதல் வாரத்திலேயே அந்தத் திமிர் பாதி இறங்கிவிட்டது. அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. நான் பேசுவதைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீதிப் பாதி எப்படி இறங்கியது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நான் தங்கியிருந்தது சங்கத் தலைவியின் வீட்டில். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு, கூடவே நாக்கும் கொஞ்சம் கூர்மை. எனக்கும் வாய் நீளம் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, எல்லாருக்கும் வேலை என்று பேச்சு அடிபடும். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஏரி போதும்.

அந்தக் குப்பத்துப் பெண்களின் வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆண்கள் படகில் வலைக்குப் போவார்கள். பெண்கள் ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்குமே, கூடையை எப்படிப் பிடிப்பது? பனையோலையில் முடைந்த கூடைக்குப் பறி என்று பெயர். அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்காக அப்படியே. பேச்சு கிடையாது.

எனக்கு அந்த ஏரியில் பித்துப் பிடித்ததெல்லாம் பறவைகள் மேல்தான். கூழைக்கடா, ஆலா, உள்ளான் என்று தினமும் ஏதாவது ஒன்றைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். எல்லாவற்றுக்கும் மேலே பூநாரைகள். குப்பத்தில் வெறுமனே நாரை என்பார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் முழங்கால் ஆழத்தில் ஒரு மேடு இருக்கும். தினமும் காலையில் நூற்றுக்கணக்கில் அதன்மேல் நின்று, தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டு, வாத்துக்கூட்டம் போல ஓயாமல் கரைந்துகொண்டே இருக்கும். நிற்கும்போது வெளுப்பு. பறக்கும்போதுதான் இறக்கைக்கு அடியில் அந்தச் சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பை ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அண்ணன் கொடுத்தனுப்பிய காமிராவில் நான்கைந்து படம்தான் பாக்கி.

அன்று காலை நல்ல பனி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று பெண்கள் இருட்டோடேயே இறாலுக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி அக்காவின் கொழுந்தன் மனைவி. ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. அவள் வந்து பால் கொடுக்க வேண்டும் என்பதால் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காமிராவோடு மேட்டை நோக்கித் தண்ணீரில் நடந்தேன். அக்கா தடுக்கவில்லை. தினமும் பார்க்கிறவள்தானே என்று நினைத்திருப்பார்.

கிட்டே போகப் போக, கரையில் அடர்த்தியாக இருந்த பனி அங்கே கொஞ்சம் விலகி, வெயில் ஊடுருவி, பறவைகள் அவ்வளவு அருகில் தெரிந்தன. ஆனால் எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு தெரியவில்லை. நான் பொறுமைசாலி இல்லை. காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினேன்.

மொத்தக் கூட்டமும் எழும்பியது. படம் எடுத்தேன். சந்தோஷத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவை தெற்கே போய் மறைந்தன. அப்புறம்தான் ஏரி எவ்வளவு நிசப்தமாக ஆகிவிட்டது என்று கவனித்தேன். பின்னால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அக்கா குழந்தையோடு ஓடிவந்தார்.

"இன்னா பண்ணிட்ட நீ? அதுங்க சத்தத்த வெச்சித்தான அவங்க வருவாங்கோ! மேடு எங்க கீதுன்னு பனியில எப்டித் தெரியும்?"

அதுவரை டீச்சரம்மா என்று கூப்பிட்டவர் அன்று 'நீ' என்றார். மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறும் நேரம் அது. இறால் பிடிக்கிற இடத்துக்கும் கரைக்கும் நடுவில் படகு போகிற ஆழமான ஓடை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நடந்து வர இந்த மேடு ஒன்றுதான் வழி. பனி மூடினால் பெண்கள் நாரைச் சத்தம் வரும் பக்கமே நடப்பார்கள். நாரை நிற்கிறது என்றால் அங்கே முழங்கால் தண்ணீர். சத்தம் இல்லையென்றால் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் ஓடை என்று அவர்களுக்குத் தெரியாது. ஏறுகிற தண்ணீரின் இழுப்பு வேறு.

நான் உடனே பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. அழுகை வந்துவிட்டது.

"பறி வாயில கீது, எப்டிப் பதில் சொல்லுவாளுங்க? நீ இங்கியே நில்லு. வாய மூடாத. ஒரு அடி நகந்தினா அவங்க உன்ன நம்பி ஓடையில போய் வுழுவாங்க. நான் போயி படகு இட்டாறேன்." சொல்லிவிட்டு அக்கா குழந்தையோடு கரைக்கு ஓடினார்.

தனியாக நின்றேன். எதைச் சொல்லிக் கத்துவது? பயத்தில் எனக்கு ஒரு பாட்டுகூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது சங்கத்தின் வருகைப் பதிவேடுதான். வெள்ளிக்கிழமைதோறும் நான் பெயர் பெயராகக் கூப்பிடுவேன், அவர்கள் இருக்கிறேன் என்பதற்கு "கீறேன்" என்பார்கள். முப்பத்தொரு பெயரும் எனக்கு மனப்பாடம். முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பெயர், கொஞ்சம் இடைவெளி, அடுத்த பெயர். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியது. காலடி மணல் அரித்துக்கொண்டு போனது. நகரக் கூடாது, நகரக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கத்தினேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மார்புவரை நனைந்திருந்தார்கள். பறி இன்னும் பல்லில். ஒருத்தி கயிற்றை உமிழ்ந்துவிட்டு, குழந்தைக்காரி எங்களுக்குப் பின்னால்தான் வந்தாள், இப்போது காணோம் என்றாள். நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவள் பெயர் பதினேழாவது. அதைக் கூப்பிட்டேன்.

"கீறேன்."

வரக்கூடாத பக்கத்திலிருந்து, ஓடைப் பக்கத்திலிருந்து, மெல்லிசாக வந்தது அந்தக் குரல். பதில் சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். பறியை விட்டுவிட்டாள் என்று உடனே புரிந்துகொண்டோம். நான் அந்த ஒரு பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். அதற்குள் அக்கா குழந்தையைக் கரையில் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, ஒரு பெரியவரோடு படகைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தக் குரலைக் குறிவைத்துப் பனிக்குள் போனார். வலை கட்டும் கழி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாளாம். கரைக்கு வந்ததும் குளிரில் நடுங்கிக்கொண்டே குழந்தையை வாங்கி, ஈரத்தோடேயே பால் கொடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நான்தான் கைதட்டினேன் என்று எல்லார் முன்பும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட இருந்தது. அன்று மாலை அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னது இவ்வளவுதான்: "நாரைங்க இனிமே எப்போ வருமோ தெரியாது. அதுங்க வர்ற வரைக்கும் நீ போயி நில்லு."

மிரண்ட பறவைகள் அந்த மேட்டுக்குத் திரும்பவில்லை. பனி விழுந்த ஒவ்வொரு காலையும் நான் விடியுமுன் போய் அங்கே நின்று, முப்பத்தொரு பெயரையும் கூப்பிட்டேன். குளிரில் பல் கிட்டிக்கொள்ளும். தொண்டை கட்டிக்கொண்டு சாயங்காலம் பாடம் எடுக்கக் குரல் இருக்காது. பறியைப் பல்லில் கடித்த பெண்கள் என்னைத் தாண்டிப் போவார்கள், என்னைத் தாண்டி வருவார்கள். குழந்தைக்காரியும்தான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவள் பெயரைச் சொன்னபோது, எனக்குச் சில அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தவள் கயிற்றைக் கையில் எடுத்து, "கீறேன், வா போலாம்" என்றாள். நான் அங்கேயே விம்மி அழுதுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நான் தண்ணீரில் கால் வைக்குமுன்பே மேட்டிலிருந்து கரையும் சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, போய்ப் படுத்துத் தூங்கு என்றார்.

படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்ட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்தும் தையலும் சொல்லிக் கொடுத்தேன் என்றுதான் ஊருக்குத் திரும்பியதும் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தால், அந்தப் பத்து மாதத்தில் நான் அவர்களுக்கு நிஜமாகவே உபயோகப்பட்டது, பறவைகள் சும்மா நின்று செய்துகொண்டிருந்த வேலையை, அவை திரும்பி வரும்வரை நகராமல் நின்று பார்த்துக்கொண்ட அந்தச் சில காலைகளில் மட்டும்தான்.