வானம் இல்லாத வீடு

சுவர் எழுப்புவதற்குத் தோண்டும் பள்ளத்தை எங்கள் பக்கம் வானம் என்போம். கரிசலில் ஐந்தடி வானம் தோண்டாமல் வீடு கட்டினால், கோடையில் நிலம் வெடிக்கும்போது சுவரும் சேர்ந்து வெடிக்கும். விளாத்திகுளம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு அப்படித்தான். வெடிப்புகளில் என் மனைவி பழந்துணியைத் திணித்து வைப்பாள். ஐப்பசியில் மண் ஊறி உப்பியதும் சுவர் அந்தத் துணியைக் கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. ஒரு மழையில் அடுக்களைச் சுவர், அவள் அப்போதுதான் எழுந்து போன இடத்திலேயே விழுந்தது.

அதன்பிறகுதான் ஊருக்கு மேற்கே பொத்தைச் சரிவில் மனை வாங்கினேன். பொத்தை என்றால் சின்னக் குன்று. முழுக்கப் பாறை. ஆடு ஏறுகிற இடத்தில் ஆள் குடியிருப்பானா என்று ஜின்னிங் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பிளான் பாஸ் ஆகாமல் ஒரு கல் வைக்க முடியாது. நான் ஐந்தாவது வரை படித்தவன். விண்ணப்பப் பாரத்தை நானே எழுதினேன். ‘வானத்தின் ஆழம்’ என்ற இடத்தில் ‘வானம் இல்லை. பாறை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“வானம் இல்லாம எங்கனவே வீடு கட்டுதீரு? அந்தரத்துலயா?”

ஆபீஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவன் நான்.

“அஞ்சுன்னு போட்டுக் கொடும். யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?” என்றார் இறங்கிய குரலில். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்போல. ஆனால் எனக்குத் தெரிந்த எழுத்தே கொஞ்சம். அதிலும் பொய் எழுதவா?

“போட மாட்டேன்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிவப்புப் பென்சிலால் என் வரியை அடித்துத் திருப்பித் தந்தார். புதுப் பாரம் வாங்கி அதே வரியை எழுதிக் கொடுத்தேன். மறுபடி அடித்தார். மறுபடி எழுதினேன். நாலாவது பாரத்தோடு வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி கேட்டாள்: “அவிய ஏறி வந்து பாத்தா என்னவாம்? கேக்குததுக்கு வாய் இல்லையா? சோறு திங்க மட்டுமா அது?”

மறுநாள் போனேன். குமாஸ்தா பென்சிலை எடுப்பதற்குள் சொன்னேன்: “ஓவர்சியர் வரட்டும். கடப்பாரை நான் தாரேன். அஞ்சடி தோண்டிட்டாருன்னா மனையை அவியளே வச்சிக்கிடட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. உள் அறையிலிருந்து ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். “யாருப்பா அது? நாளைக்குக் காலைல வாரேன்.”

சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு, குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கடப்பாரையை நீட்டினேன். நான்தான் குத்திக் காட்டுவேன் என்று நினைத்திருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குத்தினார். பாறை கணீரென்றது, கடப்பாரை எகிறியது. இரண்டாவது குத்தில் உள்ளங்கையை ஊதினார்.

“பக்கத்துல குத்திப் பாருங்க சார்” என்றார் குமாஸ்தா.

“நீரே குத்தும்வே.”

குமாஸ்தா கடப்பாரையை வாங்கவில்லை. தண்ணீர்ச் செம்போடு நின்ற என் மனைவி சொன்னாள்: “அஞ்சடிக்கு இன்னும் அஞ்சடிதான் பாக்கி.”

ஓவர்சியர் சிரித்துவிட்டார். பாரத்தை வாங்கி என் முதுகில் வைத்தே எழுதினார். நான் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே ‘சரி’ என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

பாறையில் சாணளவு கொத்திச் சுவரை உட்கார்த்தினோம். அந்த வீட்டில் பழந்துணிக்கு வேலை இல்லாமல் சில கோடைகள் போனபின், ஒரு சித்திரையில் குமாஸ்தா வேர்த்து வடிய ஏறி வந்தார். கரிசலில் அவர் கட்டிய வீட்டுச் சுவர் வெடித்திருந்தது. என் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இங்கன காலி மனை ஏதும் கெடக்கா?”

“இல்லை” என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

இரண்டு மனை கிடந்தது. வாயால்தானே சொன்னேன், எழுதியா கொடுத்தேன்?