ஜாக்கனேப்ஸ் லெதர் ஒர்க்ஸ்

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்கால். காலையிலிருந்து நான்கு முறை நின்ற மழை ஐந்தாம் முறையாகப் பெய்துகொண்டிருந்தது. எனக்குப் பதினோரு வயது. தாராவியில் தோல்பை தைத்து முன்னுக்கு வந்த அப்பா, மாட்டுங்காவில் மூன்றாம் மாடி வீட்டுக்கு எங்களை அழைத்துவந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

நனைந்த தோல் கட்டு இரண்டை அப்பா மாடிப்படியில் வைத்திருந்தார். ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கட்டடச் செக்ரட்டரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இது என்ன ஓய், கோடவுனா? மனுஷா ஏறி இறங்க வேண்டாமா?"

"மழை விட்டதும் எடுத்துருதேன் சார். நாத்தம் உங்களைக் கடிச்சிராது."

கதவைச் சாத்தும்போது அவர் "ஜாக்கனேப்ஸ்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏல, அது என்னல? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதான படிக்கே. நாளைக்குப் பாத்துட்டு வா."

அம்மாவைப் பற்றி ஒருவன் சொன்ன ஒரே சொல்லுக்காக, தோல் சீவும் கத்தியோடு அப்பா அவனை நான்கு சந்து துரத்தியதைப் பார்த்தவன் நான்.

பள்ளி நூலகத்தின் தடித்த அகராதி எதையும் மறைக்கவில்லை. தகுதிக்கு மேல் துள்ளுகிறவன் என்று பொருள். கம்பளி வியாபாரி வம்சத்தில் வந்து பிரபுவான ஒருவர், வளர்ப்புக் குரங்கைக் கட்டும் சங்கிலியைத் தன் சின்னமாக வைத்திருந்தாராம். பிடிக்காதவர்கள் அவரையே குரங்கு என்றார்கள். கடைசியில் தலையை வெட்டினார்கள். இங்கே வெட்டுப்படப்போவது யார் தலை என்பதுதான் வீடுவரை என் கவலை.

"தானா முன்னுக்கு வந்த பெரிய மனுஷன்னு அர்த்தம்ப்பா" என்றேன்.

"அப்படியா" என்றார் அப்பா.

பன்னிரண்டாம் நாள் தாராவிக் கடையில் புதுப் பலகை ஏறியது. ஜாக்கனேப்ஸ் லெதர் ஒர்க்ஸ். மூலையில் ஒரு சின்னக் குரங்கு குந்தியிருந்தது. பெயிண்டருக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லிவிடுவான் என்று நடுங்கினேன். அவன் கடைக்கு வந்த ஆறு முறையும் தோல் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். தீபாவளிக்கு அதே பெயர் பதித்த பை ஒன்றை அப்பா செக்ரட்டரிக்குக் கொடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் படித்தார். பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்பா படி இறங்கும்வரை சிரித்தார்.

அப்பா காலமான பிறகு, கடையைக் காலி செய்யும்போது பெயிண்டரின் பில் கிடைத்தது. இங்கிலீஷ் எழுத்து இருபத்திரண்டு, ஒன்றுக்கு ஒரு ரூபாய். குரங்கு ஒன்று, ஆறு ரூபாய்; முதலாளி சொன்னபடி சங்கிலி கிடையாது. மொத்தம் இருபத்தெட்டு ரூபாய்.