தனகோடிக்கு வந்த ஓணான்

விட்கம் துரை இறந்த பதினாறாம் நாள், வேலூரிலிருந்து வக்கீல் குமாஸ்தா வந்து உயிலைப் படித்தார். ஆம்பூர் பங்களாவை விற்று வரும் பணம் சீமையில் இருக்கும் தங்கை மகனுக்கு. புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்கு. ஷெட்டில் நிற்கும் பந்தயக் கார், துரையை ஆறு வருடம் பார்த்துக்கொண்ட தனகோடிக்கு.

தனகோடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"காரும்மா, காரு! இன்னா இப்பிடி கேக்கறே?"

"எனக்கு சைக்கிளே ஏறத் தெரியாதுங்க."

குமாஸ்தா கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தனகோடி ஷெட்டைத் திறந்து பார்த்தாள். பச்சை நிறம், நீண்ட மூக்கு, மேலே கூரை இல்லை, இரண்டே இரண்டு இருக்கை. முப்பது வருடத்துக்கு முன்னால் துரை அதை ஓட்டிக் கோப்பை வாங்கினாராம். வேலியோடு போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்று எதிர்வீட்டு ஷஹீன் பானு சிரித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அந்தக் காருக்கு ஓணான் என்றே பெயராகிவிட்டது.

தனகோடி குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் போய்ச் சேர்ந்தான். பத்தொன்பது வயதில் தறியை விட்டு வேலூருக்குப் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைப் புரட்டவும், துடைக்கவும், ஊட்டவும், படுக்கைப் புண் வராமல் காக்கவும் பழகிக்கொண்டாள். பிறகு இருபத்தேழு வருடம் ஊரார் வீட்டுக் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்தாள். நோயாளி கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்பதால் எந்த அறையிலும் கதவைச் சாத்த முடியாது. தன்னுடையது என்று ஒரு கதவு, உள்ளே இருந்து தானே போட்டுக்கொள்ளும் ஒரு தாழ்ப்பாள், இதுதான் அவள் ஆசை. பெரிய ஆசை இல்லை. ஆனால் நாற்பத்தாறு வயது வரை கிடைக்கவில்லை.

விட்கம் துரை தோல் பதனிடும் கம்பெனியில் ரசாயனம் பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோதும் அவர் ஏறவில்லை. முதல் மூன்று வருடம் அவருக்குத் தனகோடி தேவைப்பட்டது சமையலுக்கும் கண் மருந்துக்கும்தான். அப்புறம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. அன்றிலிருந்து அவர் பேசாததையும் தனகோடியே புரிந்துகொண்டாள். சனிக்கிழமை தோறும் காலையில் அலமாரியில் இருக்கும் விளக்கெண்ணெய்ப் புட்டியை இடது கையால் காட்டுவார். பிறகு ஜன்னல் வழியே கொல்லைப் பக்கம் காட்டுவார். கொல்லையில் ஷெட்டைத் தாண்டினால் கக்கூஸ். இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது? வாயைத் திறந்து இரண்டு கரண்டி ஊற்றுவாள். துரை கட்டிலைத் தட்டுவார், தலையை ஆட்டுவார், முறைப்பார். மருந்து என்றால் எந்த நோயாளியும் செய்வதுதான். "தொரை வயித்தை ஒரு நாளும் கட்ட விட்டதில்ல நான்" என்று தனகோடி கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

துரை போனதும் பங்களா கைமாறியது. பங்குனி முடிவுக்குள் பின்கட்டு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரயிலடிக்குப் பின்னால் கண்ணம்மாள் என்பவள் ஓட்டு வீடு ஒன்றை விற்க இருந்தாள். இரண்டு அறை, ஒரு கிணறு, தேக்குக் கதவு. ஆயிரத்தைந்நூறு. தனகோடியிடம் இருந்தது அறுநூறு. பங்குனி வரை பொறுக்கிறேன் என்றாள் கண்ணம்மாள்.

அந்தச் சமயத்தில் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு பெங்களூரிலிருந்து மூர்த்தி என்பவர் எழுதினார். பழைய பந்தயக் கார்களைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். ஓணானுக்கு இரண்டாயிரம் தருகிறேன், ஆனால் பேர்ணாம்பட்டு மலைப்பாதையை அது யாரும் தள்ளாமல் தானே ஏற வேண்டும், ஏறினால் அப்படியே ஓட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடுவேன் என்று எழுதியிருந்தார்.

கார் ஏறினால் வீடு. இவ்வளவுதான் கணக்கு. தனகோடி மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டாள்.

பாஷா எதிர்வீட்டு ஷஹீன் பானுவின் புருஷன், லாரி மெக்கானிக். நல்ல கைக்காரன். ஆனால் வேகமாகப் போவதற்கென்றே பிறந்த ஒரு காரைக் கண்டதும் அவன் புத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முதல் நாள் இன்ஜினைக் கிளப்பி, கியர் போட்டு, கிளட்ச் பெடலை மெல்ல விட்டான். கார் யோசித்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரே தாவாகத் தாவி, காலி மனையில் காயப் போட்டிருந்த ஆட்டுத் தோல்கள் மேல் போய் உட்கார்ந்து அணைந்தது.

"இன்ஜின்ல இழுவை கம்மி யக்கா" என்றான் பாஷா. "அதான் திணறுது."

இழுவைக்காக மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றிய கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினான். கார் பெட்ரோலை மாடு கழுநீர் குடிப்பது போல் குடித்தது, தாவுவதை நிறுத்தவில்லை. இன்ஜினின் மேல்மூடியை வேலூர் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் இழைத்து வந்தான். இழுவை ஏறியது, கூடவே சூடும் ஏறியது. ரேடியேட்டர் கொதித்ததில் பாஷாவின் மீசை பாதி பொசுங்கியது. பெரிய ரேடியேட்டர் வந்தது. அதன் பாரத்தில் ஓணானின் மூக்கு தரையை முகர்ந்தது. முன்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்தான். இத்தனைக்கும் பிறகு பெடலை விட்டால், முன்பு தவளையாகத் தாவியது இப்போது சிறுத்தையாகத் தாவியது. பின்பக்க ஆக்ஸில் படீரென்று முறிந்தது. புதிதாக ஒன்று கடைந்து போட்டார்கள். அது மூன்றாம் தாவலில் முறிந்தது.

தனகோடி ஒரு வேலை மட்டும் விடாமல் செய்தாள். ஆபரேஷன் அறையில் தைப்பதற்கு முன் கத்தரியும் துணியும் எண்ணிப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கம். பாஷா கழற்றிப்போட்ட ஒவ்வொரு சாமானையும் துரையின் பழைய படுக்கை விரிப்புத் துண்டில் சுற்றி, எங்கிருந்து வந்தது என்று நூலில் சீட்டுக் கட்டிக் கூடையில் வைத்தாள்.

அறுநூறு ரூபாய் நூற்று நாற்பதாக இளைத்தது. பங்குனியும் பிறந்தது.

"ஏம்ப்பா பாஷா, நோவு ஒண்ணு, வைத்தியம் ஏழு. எந்த மருந்து கேட்டுது, எது கேக்கலன்னு உனக்காவது தெரியுமா?"

"ரேஸ் காருன்னா செலவு வைக்கும் யக்கா."

"செலவு வைக்குது, பாக்கறேன். ரேஸ் எங்கே?"

புதன்கிழமை பாஷா கடைசியாக, இன்ஜின் சுற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்சைப் பிரித்தான். திங்கட்கிழமை மூர்த்தி வருகிறார். கையை உள்ளே விட்டவன் வெளியே எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மோசம் போனோம் யக்கா! உள்ள பிளேட்டே இல்ல. எவனோ தோலைச் சுத்தி ஏமாத்தியிருக்கான்!"

கொட்டாங்கச்சி போல் கூம்பிய ஓர் உலோகத் துண்டு, அதைச் சுற்றித் தோல் பட்டை. லாரியில் அந்த இடத்தில் தட்டையான பிளேட் இருக்கும். ஆம்பூரில் எது உடைந்தாலும் தோலை வைத்துத் தைப்பதுதான் வழக்கம். குடைக்கும், தண்ணீர்ப் பம்புக்கும், ஒருமுறை தாசில்தாரின் பல்செட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். காருக்கும் எவனோ வைத்துவிட்டான் என்றே பாஷா முடிவு கட்டினான். மெட்ராஸில் புது பிளேட் செய்ய நானூறு ரூபாய், பதினைந்து நாள்.

"திங்கக்கிழமை வரான் மனுஷன். பதினஞ்சு நாளாமே" என்றாள் தனகோடி. பின்கட்டுக்குப் போய்ப் பாயைச் சுற்றினாள், மறுபடி விரித்தாள்.

மறுநாள் அந்தப் பக்கம் வந்த அப்துல் சமத் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். கட்டை விரலும் மூக்கும்தான் அவருக்குக் கருவி. தோல் பட்டையை நகத்தால் கீறினார், மோந்தார், நாக்கு நுனியில் கூட வைத்துப் பார்த்தார்.

"அரே பாஷா, கழுதை! ஏமாத்தல் இல்லடா இது. செம்பு ஆணியைப் பாரு, எத்தினி சுத்தமா பதிச்சிருக்கான். இது நம்மூர்த் தோலே இல்ல, சீமை மரப்பட்டையில ஊறினது. வண்டி செஞ்ச அன்னிக்கே வெச்சது. அந்தக் காலத்து வண்டிக்கு கிளட்சே இதான்."

"அப்ப ஏன் பாய் தாவுது?"

"காஞ்சு அப்பளமா கெடக்குது, தாவாம இன்னா செய்யும்? வழுக்கும், வழுக்கும், திடீர்னு கவ்வும். இது வெளக்கெண்ணெய் குடிச்சு வளர்ந்த தோல். வாசனை இன்னும் போகல பாரு. எவனோ வாரா வாரம் ஊத்தியிருக்கான். ஒரு மூணு வருஷமா பட்டினி."

தனகோடி கூடையைக் கீழே வைத்தாள். "எந்தக் கிழமை ஊத்தியிருப்பான்?"

"அது எனக்கு இன்னாம்மா தெரியும்?"

அவளுக்குத் தெரிந்தது. புட்டி, ஜன்னல், கொல்லை, ஷெட். மூன்று வருடம் அந்த மனிதர் தன் காருக்கு எண்ணெய் ஊற்று என்று கேட்டிருக்கிறார். இவள் அவருக்கே ஊற்றியிருக்கிறாள். அவர் கட்டிலைத் தட்டியிருக்கிறார். இவள் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறாள். உயிலில் கையெழுத்துப் போட்டது பக்கவாதத்துக்குப் பிறகு, இடது கையால். காரைக் கொடுத்தது நன்றிக்கா, பழிக்கா என்று இனி யாரிடம் கேட்பது?

விஷயத்தைச் சொன்னபோது பாஷா சிரித்துச் சிரித்து காருக்கடியில் போய் விழுந்தான். சமத் பாய் தாடியைப் பிடித்துக்கொண்டு, "பாவம் தொரை, வண்டிக்கு வெச்ச மருந்துல அவரு ஓடியிருக்காரு" என்றார்.

"சிரிச்சது போதும்" என்றாள் தனகோடி. "எப்பிடி ஊத்தணும்னு சொல்லுங்க."

சமத் பாய் சொன்னபடி எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சினாள். விளங்காத காலுக்குத் தேய்ப்பது போல, விரல் நுனியால் வட்டம் வட்டமாக, இரண்டு நாள் அந்தத் தோலுக்குத் தேய்த்தாள். அப்பளம் மெல்ல மெல்ல உயிருள்ள தோலாயிற்று. இதற்கிடையில் பாஷா தான் மாட்டிய சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றி, கூடையில் இருந்த பழையவற்றைச் சீட்டுப் பார்த்துப் பார்த்து மாட்டினான். இழைத்த மூடிக்கு மட்டும் தடிமனான அடைப்பு வெட்டி வைத்தான். மூன்றாவது ஆக்ஸிலுக்கு நூற்று நாற்பதும் தீர்ந்தது. சனிக்கிழமை கிளட்சைப் பூட்டியதும், காரின் தரைப் பலகையைத் தூக்கித் தனகோடி இரண்டு கரண்டி எண்ணெய் விட்டாள். மனசு கேட்காமல் இன்னும் இரண்டு விட்டாள்.

"ஜாஸ்தி ஆய்டப் போவுதும்மா" என்றார் சமத் பாய். "வழுக்கிச்சுன்னா முல்தானி மட்டி கொஞ்சம் தூவு. எண்ணெயை உறிஞ்சிரும்."

திங்கட்கிழமை மூர்த்தி வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். காரின் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் அப்படியே பழசு! யாருமே கை வெக்கலையே!" என்று பரவசப்பட்டார். பாஷா ஆகாயத்தைப் பார்த்தான்.

மூர்த்தி ஓட்டினார், பக்கத்தில் மடியில் பையோடு தனகோடி. பாஷா லாரியில் பின்னால் வந்தான். பெடலை விட்டதும் ஓணான் தாவவில்லை. தொட்டிலை ஆட்டினாற்போல் நகர்ந்தது. பேர்ணாம்பட்டு தாண்டி மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வளைவின் செங்குத்தில் இன்ஜின் அலறியது, கார் மட்டும் மெதுவானது. நின்றுவிட்டது. மூர்த்தி கைப்பிரேக்கை இழுத்தார்.

"கிளட்ச் வழுக்குது. என்னம்மா இது? தள்ளினா ஏறும், ஆனா..."

பின்னால் வந்த பாஷா குதித்து ஓடிவந்து தோள் கொடுக்கப் போனான்.

"தொடாதே!" என்று தனகோடி போட்ட சத்தத்தில் அவன் கை அந்தரத்தில் நின்றது. "சக்கரத்துக்குக் கல்லு வை, அது போதும். சார், அந்தப் பெடலை அமுக்கிப் புடிங்க."

பலகையைத் தூக்கினாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"யக்கா, அது எங்க வூட்டு டப்பா மாதிரி..."

"உம் பொண்டாட்டி முகத்துக்குப் போடற முல்தானி மட்டிதான். நேத்தே கேட்டு வாங்கிட்டேன். குழந்தைக்குப் பவுடர் போட்ற கை இது, செதறாது."

ஒரு சிட்டிகை, திருப்பி இன்னொரு சிட்டிகை. பலகையை மூடினாள். "இப்ப விடுங்க. மெதுவா."

ஓணான் கொஞ்சம் யோசித்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மேலே நகர்ந்தது. ஐந்தாவது வளைவு, ஆறாவது, பிறகு எண்ணவில்லை. உச்சியில் நிறுத்திவிட்டு மூர்த்தி கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்த வண்டியோட மனசு இவ்வளவு தெரிஞ்சவங்களை நான் பார்த்ததில்லைம்மா. துரை உங்களுக்குக் குடுத்தது சும்மா இல்லை."

 தனகோடி இரண்டாயிரத்தை வாங்கி இடுப்பில் செருகினாள். விளக்கெண்ணெய்ப் புட்டியையும் கரண்டியையும் இருக்கையில் வைத்தாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு கரண்டி. நாலு வேணாம்."

"கரண்டி எதுக்கும்மா?"

"காருக்குத்தான் சார். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

லாரியில் இறங்கி வரும்போது பாஷா, "யக்கா, அந்த மிலிட்டரி கார்புரேட்டரை என் லாரிக்கு மாட்னா..." என்று தொடங்கினான். அவள் பார்த்த பார்வையில் வாக்கியம் அங்கேயே நின்றது.

பங்குனி முடிய நாலு நாள் இருக்கையில் தனகோடி ரயிலடி வீட்டுக்குக் குடிபோனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி போட்டாள். தேக்குக் கதவு ஒவ்வொரு முறையும் மாடு கத்துவது போல் கத்தியது. என்ன கிழமை என்று விரல் விட்டு எண்ணினாள். சனிக்கிழமைதான். பிறகு பெட்டிக்கடைக்குப் போய் அரைப் புட்டி விளக்கெண்ணெய் வாங்கி வந்து, கீல் ஒவ்வொன்றுக்கும் அளவாகச் சொட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள்.