கால்கள் எனக்கு, கைகள் சுமதிக்கு

போன வாரம் மோட்டர் ரூம் சாவியைத் தேடிப் பரணில் ஏறினேன். சாவி கிடைக்கவில்லை. ஒரு இரும்புப் பெட்டி கிடைத்தது. பார்க்க ஒரு செங்கல் அளவு, தூக்கினால் மூன்று செங்கல் கனம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஏன் என்று கேட்காதீர்கள், என் வயதில் பழைய சாமான் எது கிடைத்தாலும் முதலில் மோந்துதான் பார்க்கிறோம். சூடேறிய வார்னிஷ் வாசனை இத்தனை வருடம் கழித்தும் அதன் அடியில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர். நம் ஊர் கரண்டைப் பாதிக்கும் கீழே குறைத்து ஜப்பான் சாமான்களுக்குக் கொடுப்பது. அப்போது நான் படப்பை தாண்டி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்சேஸில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவனை ட்ரெயினிங் என்று ஜப்பானுக்கு அனுப்பினார்கள். எல்லாரும் அங்கிருந்து கேமரா வாங்கி வருவார்கள், இவன் ஒரு பழைய வீடியோ கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரே மாதத்தில் அதை என் தலையில் கட்டிவிட்டான். "மச்சான், நீயே வச்சுக்கோ. வூட்ல இதப் பாத்தாலே பேஜாரா கீதுன்றா."

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெருவில் மாடி போர்ஷன். எனக்கும் சுமதிக்கும் நடந்த பேச்சுவார்த்தையை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். காபி? ம். தண்ணி லாரி வந்துச்சா? வந்துச்சு. பெண் பார்க்கப் போன அன்றே அவளுக்கு என்னிடம் ஏதோ பிடிக்காமல் போய்விட்டது என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். கேட்கவும் தைரியம் இல்லை. அவள் சமையலறையில் இருக்கும்போது மெஷினைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கல்யாணமான ஆள் வீடியோ கேம் விளையாடுகிறான் என்று மாமனார் காதுக்குப் போனால் என்ன ஆவது?

ஒளித்து என்ன பயன், ட்ரான்ஸ்ஃபார்மர் காட்டிக்கொடுத்துவிட்டது. அது போட்ட ரீங்காரம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன எங்கள் ஹவுஸ் ஓனர் படியேறி வந்து நின்றார். "தம்பி, மேல மாவு மெஷின் எதாவது போட்டிருக்கீங்களா?" நான் விழித்தேன். சுமதி பின்னாலிருந்து சொன்னாள், "இல்ல அங்கிள், டிவிக்கு ஸ்டெபிலைசர். பழசு." அவர் போனதும் நேராக வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "எடுங்க, நானும் பாக்குறேன்."

மெஷினோடு வந்தது ஒரே ஒரு கேம். அதுவும் முழுக்க ஜப்பான் எழுத்து. போதாக்குறைக்கு எங்கள் டிவிக்கும் அந்த மெஷினுக்கும் ஏதோ ஒத்துவராமல் படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ஒரு ஊர். அந்த ஊரைத் தாக்க விதவிதமான பூதங்கள் வரும். காப்பாற்ற நம்மிடம் ஆறு மாடி உயரத்துக்கு ஒரு இரும்பு ரோபோ. நாம் அதற்குள்ளே உட்கார்ந்து ஓட்ட முடியாது. நாம் எறும்பு மாதிரி ஒரு குட்டி ஆள், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தெருவில் ஓட வேண்டும். ரோபோவின் வலது கால் ஒரு பொத்தான், இடது கால் இன்னொரு பொத்தான். கைகளுக்கு இரண்டு குமிழ்கள். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பொத்தென்று விழும். யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

"உங்க பெரியப்பா பஸ்லேர்ந்து எறங்குற மாதிரியே நடக்குதுங்க" என்றாள் சுமதி. கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, அதற்குள் என் பெரியப்பாவை எடைபோட்டு வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து ரோபோவுக்குப் பெயர் பெரியப்பா.

காலையும் கையையும் சேர்த்துச் சமாளிக்க எனக்கு வரவில்லை. அதனால் ஒரே ஜாய்ஸ்டிக்கை இரண்டு பேரும் பிடித்தோம். அதன் முன்விளிம்பில் இருந்த கால் பொத்தான்கள் எனக்கு. மேலே இருந்த குமிழ்கள் அவளுடைய கட்டைவிரல்களுக்கு. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால்தான் கை எட்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கல்யாணமாகி மூன்று மாதத்தில் நாங்கள் அத்தனை நேரம் ஒட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஊரில் மூலைக்கடை ஒன்றில் ஒரு பெண் இருப்பாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு நடுவிலும் வாசலுக்கு வந்து ஏதோ பேசுவாள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. சுமதிக்கு அவளுடைய கவுன்மேல்தான் கண். "கை பஃப் எவ்ளோ அழகா வச்சிருக்கான் பாருங்க. இது ரோஸ் கலர்தான்." கறுப்பு வெள்ளையில் என்ன ரோஸ் என்பேன் நான். "பச்சை." "ரோஸ்." "பச்சை." இந்தச் சண்டையைத்தான் நாங்கள் முதன்முதலில் சரியாகப் போட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சங்கரா மீன் குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். பூதம் நெருங்கி வந்தது. "இருங்க, கைய ஊனிக்கிறேன்" என்றாள். நான் இருக்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினேன். பெரியப்பா மல்லாந்து விழுந்தார், அந்த மூலைக்கடை மேலேயே. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மற்ற கேம்களில் உடைந்ததெல்லாம் அடுத்த ஆட்டத்தில் முளைத்துவிடும். இதில் முளைக்கவில்லை. அடுத்த ஆட்டம் தொடங்கியபோது மூலையில் வெறும் கல்லும் மண்ணும். அந்தப் பெண் ரோட்டோரத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து அப்போதும் ஏதோ பேசினாள்.

சுமதி ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால் பாத்திரம் ஒன்றும் இல்லாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேம்தானே சுமதி."

"படப்பைல ஒரு ரோஸ் சுவரு பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள்.

சொல்லியிருந்தேன். கல்யாணமான புதிதில் பேச விஷயம் இல்லாமல், கம்பெனி பஸ்ஸில் தினமும் பார்க்கிற ஒரு வேடிக்கையை அவளிடம் சொல்லியிருந்தேன். ரோடு அகலப்படுத்தியபோது பாதி வெட்டப்பட்ட ஒரு கடை. உள்சுவர் ரோஸ் பெயின்ட்டோடு ரோட்டைப் பார்த்து நிற்கும், துணி மாட்டும் கம்பிகூட அப்படியே இருக்கும். கேக்கை வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்த ஞாபகம்.

"அது எங்க அப்பா கடைங்க."

மாமனார் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலர் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் சொந்தக் கடை வைத்திருந்தவர் என்றும், கடை போனபிறகு மிச்சமிருந்த பாதியில் ஒரு மாதம் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார் என்றும், லாரி கிளப்புகிற மண்ணெல்லாம் பிளவுஸ் துணியில் படிந்து ஒவ்வொருத்தராக வராமல் நின்றுவிட்டார்கள் என்றும் சுமதி அன்றைக்குத்தான் சொன்னாள். மூன்று மாதம் அவள் வாய் திறக்காததற்குக் காரணம் என் மூஞ்சி பிடிக்காததல்ல, என் சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. குழாயை மூடினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பஸ் பிடித்துப் படப்பைக்குப் போனோம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, மெஷின் இருந்த இடத்தைக் காட்டினாள். "இங்க உக்காந்துதான் பட்டன் பொறுக்குவேன்." அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு அதற்கப்புறம் ஓயவில்லை.

திரும்பிவந்து கேமையும் தொடர்ந்தோம், வேறு மாதிரி. ஒரு கட்டடம்கூட உடையக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். காலி மனையாகப் பார்த்துப் பார்த்துப் பெரியப்பாவை நடத்துவேன். தடுமாறினால் அவள் கை ஊன்றுவாள். அதையும் மீறி விழுந்தால் குமிழ்களை எப்படியோ ஒரு சுழற்றுச் சுழற்றி எழுப்பிவிடுவாள். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமானால் ஒரு தெருவையே மிதித்தாக வேண்டும். அந்தப் பெண் பெட்டி போட்டிருந்த தெரு. "வேணாங்க. தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றாள். அங்கேயே சேவ் செய்து நிறுத்தினோம். பிறகு பாப்பா பிறந்தாள், ட்ரான்ஸ்ஃபார்மர் சத்தத்தில் தூங்கமாட்டாள் என்று எல்லாவற்றையும் கட்டிவைத்தோம். மாடம்பாக்கத்தில் இந்த ஃபிளாட் வாங்கி வந்தபோது மூட்டை பரணுக்குப் போனது.

மூன்று வருடம் முன்னால் சுமதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் காலையில் திடீரென்று கேட்டாள், "பெரியப்பா எங்கங்க இருக்காரு?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "பரண்லதான். நீ வீட்டுக்கு வா, எடுத்து ஆடலாம்" என்றேன். வீட்டுக்கு வந்தாள். பதினேழு நாள் இருந்தாள். மாத்திரை, டியூப், பார்க்க வருகிறவர்கள் என்று அலைந்ததில் நான் பரணில் ஏறவில்லை. ஏணி வாசலிலேயேதான் இருந்தது. அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

இப்போது சாவிக்காக ஏறியிருக்கிறேன் பாருங்கள், சாவிக்காக.

மெஷினை இறக்கித் துடைத்து, பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டுக் கேட்டுப் புது டிவியில் மாட்டினேன். ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் போட்டது. சேவ் செய்தது அப்படியே இருந்தது. அந்தத் தெரு, மரப்பெட்டி, அந்தப் பெண். புது டிவியில் கலராகத் தெரிந்தது. கவுன் பச்சை. நல்ல வாழையிலைப் பச்சை. "பச்சைடீ" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன். இருபது வருடச் சண்டையில் ஜெயித்தாகிவிட்டது.

படப்பையில் அந்த ரோஸ் சுவரும் இன்று இல்லை. அந்த இடத்தில் டூவீலர் ஷோரூம் இருக்கிறது. சேலையூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். உடையாமல் இருந்தது டிவிக்குள் இருந்த ஊர் ஒன்றுதான், அந்த மூலைக்கடையைத் தவிர.

பெரியப்பாவைக் கொஞ்சம் நடத்திப் பார்க்கலாம் என்று வலது காலை அழுத்தினேன், பிறகு இடது. நான்காவது அடியில் தடுமாறினார். கை ஊன்ற ஆளில்லை. நல்லவேளை, பழைய மூலைக்கடை இருந்த வெறும் மண்ணில்தான் விழுந்தார். எழுப்ப வேண்டுமானால் அந்தக் குமிழ்களை எப்படியோ சுழற்ற வேண்டும். எப்படி என்று அவளிடம் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. கால் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். படுத்தபடியே காலை உதைத்துக்கொண்டிருந்தார்.